சிவப்பு விழுந்த பிறகும் வரும் கார்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுடன் நியூ ஜெர்சியில் தினமும் மாலை நடக்கப் போவேன். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு பெரிய சாலைச் சந்திப்பு. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், நடக்கிற மனிதனின் வெள்ளை உருவம் எரியும். அப்போதுதான் இறங்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வெள்ளை எரிந்ததும் அவர் காலை எடுத்து வைக்க, எங்கள் முன்னால் நின்றிருந்த கார் மெதுவாக உருண்டு வந்து, நடப்பவர்களுக்கான கோடுகளின் மேல் ஏறி, வலப்பக்கம் திரும்பிப் போனது. அம்மாவின் புடவைக்கும் அந்தக் காருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. ஓட்டியவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அவருடைய தலை முழுவதுமாக இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"ஏய்யா, அவனுக்குச் செவப்புதான விழுந்திருக்கு? அப்புறம் எப்படி வாரான்?" என்று கேட்டார் அம்மா.

சட்டம் அனுமதிக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சிவப்பு என்றால் நில் என்பதைக் குழந்தைகூட அறியும், அதற்குள் ஒரு விலக்கு எப்படி வந்தது? நான் பல வருடங்களாக அந்த விலக்கைப் பயன்படுத்திக்கொண்டுதான் ஓட்டுகிறேன், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தேடிப் படித்தபோது கிடைத்த கதை, சாலைப் பாதுகாப்பில் தொடங்கவே இல்லை. பெட்ரோலில் தொடங்குகிறது.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆகவே அங்கே வலப்பக்கம் திரும்புவது என்பது நம் ஊரில் இடப்பக்கம் திரும்புவதற்குச் சமம், எதிர்ச்சாரியைக் கடக்கத் தேவையில்லாத சுலபமான திருப்பம். சிக்னல் சிவப்பாக இருந்தாலும், நிறுத்தக் கோட்டில் வண்டியை முழுமையாக நிறுத்தி, குறுக்கே வரும் வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் வழிவிட்டு, பிறகு திரும்பலாம். 'சிவப்பில் திரும்பாதே' என்று பலகை இருந்தால் கூடாது. இதுதான் சாராம்சம். மாநிலத்துக்கு மாநிலம் சில்லறை வித்தியாசங்கள் உண்டு: சிவப்பு வட்டத்துக்குப் பதிலாகச் சிவப்பு அம்புக்குறி எரிந்தால் கலிஃபோர்னியாவில் திரும்பக் கூடாது, வாஷிங்டன் மாநிலத்தில் நின்றுவிட்டுத் திரும்பலாம். ஒருவழிச் சாலையிலிருந்து இன்னொரு ஒருவழிச் சாலைக்கு இடப்பக்கம் திரும்புவதையும் பெரும்பாலான மாநிலங்கள் இதே போல அனுமதிக்கின்றன.

இந்தப் பழக்கம் மேற்குக் கரையில் பழையது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டியே இருந்து வந்தது. அகலமான சாலைகள், தள்ளித் தள்ளி வீடுகள், நடப்பவர்கள் குறைவு. கிழக்கில் நிலைமை வேறு. அங்கே பழைய நகரங்கள், நெருக்கமான தெருக்கள், நடந்தே வேலைக்குப் போகும் கூட்டம். அங்கே சிவப்பு என்றால் சிவப்புதான். சில சந்திப்புகளில் மட்டும், திரும்பலாம் என்று பலகை வைத்து அனுமதித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் இந்தப் பலகையில்தான் இருக்கிறது. கிழக்கில், திரும்ப அனுமதிக்கப் பலகை தேவைப்பட்டது. மேற்கில், திரும்புவதைத் தடுக்கப் பலகை தேவைப்பட்டது. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஒரு சந்திப்பில் பலகையே இல்லை என்றால் யாருக்குச் சாதகம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கிழக்கு முறையில், ஒரு பொறியாளர் வந்து பார்த்து 'இங்கே ஆபத்தில்லை' என்று சொல்லும்வரை நடப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார். மேற்கு முறையில், யாராவது வந்து பார்த்து 'இங்கே ஆபத்து' என்று சொல்லும்வரை ஓட்டுபவருக்குத்தான் வழி.

1973 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியாவுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு அமெரிக்கா உதவியதால், அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை. பல மாநிலங்களில் ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒருநாள், இரட்டைப்படை எண் வண்டிக்கு ஒருநாள் என்று முறை வைத்தார்கள். 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு வந்தது. எங்கெல்லாம் ஒரு சொட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று அரசாங்கம் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தத் தேடலில்தான் சிவப்பு சிக்னலில் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் கார்கள் கண்ணில் பட்டன. ஒரு வண்டிக்கு மிச்சமாவது சில நொடிப் பெட்ரோல்தான். ஆனால் கோடிக்கணக்கான வண்டிகள், தினமும், எத்தனையோ சிக்னல்களில் என்று பெருக்கிப் பார்த்தால் பெரிய எண் வரும். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு 1975 டிசம்பர் 22 அன்று கையெழுத்திட்ட எரிசக்திக் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டத்தில் இது இடம்பெற்றது. அவசரக் காலத்துக்காக நாடு எண்ணெய் சேமித்து வைக்கும் ஏற்பாடும், புதிய கார்கள் ஒரு கேலனுக்குச் சராசரியாக எத்தனை மைல் ஓட வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது இதே சட்டத்தில்தான். எரிசக்திச் சேமிப்புக்கு மத்திய அரசின் பணம் வேண்டும் என்றால் மாநிலங்கள் ஒரு திட்டம் தர வேண்டும். அந்தத் திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றில் ஒன்று, பாதுகாப்புக்கு உட்பட்டு இயன்ற அளவுக்கு, சிவப்பில் நின்றபின் வலப்பக்கம் திரும்ப அனுமதிக்கும் போக்குவரத்து விதி. அரசுக் கட்டடங்களின் விளக்கு அளவு, பலர் சேர்ந்து ஒரே காரில் வேலைக்குப் போவதை ஊக்குவிப்பது ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் இதுவும் இருந்தது.

மாநிலங்கள் ஒவ்வொன்றாக மாறின. கடைசியாக மாஸசூசெட்ஸ், 1980 ஜனவரி 1. சில வருடங்களுக்குள் கிழக்கு முறை மறைந்து, நாடு முழுவதும் மேற்கு முறை ஆனது. ஒரு பெரிய விலக்கு நியூயார்க் நகரம். அங்கே இன்றும் பலகை இருந்தால்தான் திரும்பலாம், அப்படிப்பட்ட பலகைகளும் குறைவு. ஹட்ஸன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்குள் காரை ஓட்டிக்கொண்டு போகும் நம்மவர்கள் பலர் இதை அபராதச் சீட்டு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, ஆபத்தைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். ஆய்வும் செய்தார்கள். அந்த ஆய்வுகளை வாசித்த விதத்தில்தான் தவறு நடந்தது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி இதுதான்.

வர்ஜீனியா மாநில நெடுஞ்சாலைத் துறைக்காக 1970-களில் ஒரு ஆய்வு நடந்தது. சிவப்பில் திரும்ப அனுமதித்த 20 சந்திப்புகளில், அனுமதிக்கு முன்னும் பின்னும் சம அளவு காலத்தில் நடந்த விபத்துகளை எண்ணினார்கள். முன்பு 308. பின்பு 337. ஆட்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் மட்டும் என்றால் 43 ஆக இருந்தது 60 ஆனது. எண்கள் ஏறியிருக்கின்றன என்பது யாருக்கும் தெரியும். ஆனால் புள்ளியியல் சோதனையில் போட்டுப் பார்த்தபோது, இந்த அளவு ஏற்றம் தற்செயலாகவும் வரலாம் என்று விடை வந்தது. உடனே 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதினார்கள். படித்த அதிகாரிகள் அதை 'ஆபத்து இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டும் ஒன்றா? ஒரு குடம் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று அறிய ஒரே ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். கரிக்கவில்லை. அதனால் குடத்தில் உப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எடுத்த துளி போதவில்லை, அவ்வளவுதான். 20 சந்திப்பு என்பது ஒரு துளி. வேறு ஊர்களிலும் இதே போலச் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்தன. ஒவ்வொன்றும் தனியாக 'நிரூபணமில்லை' என்றது. மீண்டும் மீண்டும் எண்கள் மேல்நோக்கியே போகின்றனவே என்று சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் எஸ்ரா ஹாவர், 2004-இல் புள்ளியியல் சோதனைகளைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் கேட்டை விளக்க எழுதியபோது, இந்தச் சிவப்புத் திருப்பத்தையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

பெரிய அளவில் எண்ணிப் பார்த்தது 1980-களின் தொடக்கத்தில்தான். அதற்குள் விதி எல்லா இடத்திலும் ஊன்றிவிட்டது. நியூயார்க் மாநிலம், ஓஹையோ, விஸ்கான்சின், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய இடங்களின் பதிவுகளை எடுத்து, சிக்னலில் வலப்பக்கம் திரும்பும் வண்டிகள் நடப்பவர்கள் மீது மோதிய விபத்துகளைப் பார்த்தார்கள். இடத்தைப் பொறுத்து 43 சதவீதத்திலிருந்து 107 சதவீதம்வரை கூடியிருந்தது. சைக்கிளில் போனவர்களுக்கு 72 முதல் 123 சதவீதம்.

காரணத்தையும் அந்த ஆய்வு கண்டது. அம்மாவும் நானும் சந்திப்பில் பார்த்த அதே காட்சிதான் அது. வலப்பக்கம் திரும்ப நிற்கும் ஓட்டுநருக்கு ஆபத்து வருவது இடப்பக்கத்திலிருந்து. குறுக்குச் சாலையில் பச்சை எரிகிறது, அந்தப் பக்கமிருந்துதான் வண்டிகள் வேகமாக வரும், அவற்றில் ஓர் இடைவெளி கிடைக்க வேண்டும். ஆகவே கழுத்து இடப்பக்கமே திரும்பியிருக்கும். அதே நேரத்தில்தான் அவருக்கு முன்னால் இருக்கும் கோடுகளில் நடப்பவர்களுக்கு வழி. அவருடைய வலப்பக்கத்திலிருந்து ஒருவர் இறங்கி நடக்கத் தொடங்கினால், ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வருகிறார் என்றே சொல்லலாம். இடைவெளி கிடைத்ததும் கால் முதலில் அழுத்தும், கண் அப்புறம்தான் முன்னால் வரும். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரராகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்வை.

நானும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். அம்மா கேட்ட பிறகு, திரும்புவதற்கு முன் கடைசியாக எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று என்னையே கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம்தான்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விதி 'நிறுத்தக் கோட்டில் நில்' என்கிறது. ஆனால் கோட்டில் நின்றால் குறுக்குச் சாலை தெரியாது. மரம், கம்பம், பக்கத்து வரிசையில் உயரமான வண்டி என்று ஏதாவது மறைக்கும். பார்ப்பதற்காகக் கொஞ்சம் முன்னால் உருட்டுவார்கள். முன்னால் என்றால் நடப்பவர்களின் கோடுகள் மேல்தான். அங்கே வண்டி நின்றுவிட்டால், கைவண்டியில் குழந்தையைத் தள்ளி வருபவரும், சக்கர நாற்காலியில் வருபவரும் சுற்றிக்கொண்டு சாலையின் நடுப்பக்கம் போக வேண்டியதாகிறது. பார்வையற்றவர்களுக்குக் கஷ்டம் இன்னும் கூடுதல். தங்களுக்குப் பக்கவாட்டில் போகும் வண்டிகள் கிளம்பும் ஓசையும், முன்னால் நிற்கும் வண்டிகள் அடங்கும் ஓசையும்தான் பலருக்குச் சிக்னல். சிவப்பில் ஒரு வண்டி ஊர்ந்து வந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். அது மின்சாரக் காராக இருந்தால் ஓசையும் சரியாகக் கேட்காது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1994-இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. மொத்த விபத்துகளில் சிவப்புத் திருப்பத்தால் வருபவை மிகச் சிறிய பங்கு, மரணம் அரிது என்றது அது. உண்மைதான். திரும்பும் வண்டி மெதுவாகத்தான் வரும். ஆனால் உயிரிழப்புப் பதிவுகளில், வண்டி திரும்பிய நேரத்தில் சிக்னல் சிவப்பா பச்சையா என்று தனியாகக் குறிக்க இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். பிறகு, சிவப்பில் தடுத்தால் அதே வண்டிகள் பச்சையில் திரும்பும், அப்போது பக்கவாட்டில் கடக்கும் நடப்பவர்களோடு முட்டும், ஆபத்து இடம் மாறுமே தவிர மறையாது என்று பொறியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இதுவும் சரிதான், ஓரளவுக்கு.

ஓரளவுக்கு என்று சொல்லக் காரணம், அதற்கு மருந்து வந்துவிட்டது. இப்போது பல நகரங்களில், வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில நொடிகள் முன்பே நடப்பவர்களுக்கு வழி கொடுத்துவிடுகிறார்கள். மூன்று முதல் ஏழு நொடி இருக்கும். வண்டி கிளம்பும்போது நடப்பவர் சாலையின் நடுவுக்கு வந்திருப்பார், ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக. எளிமையான, மலிவான ஏற்பாடு. ஆனால் அந்தச் சில நொடிகளில் வண்டிக்கு எரிவது சிவப்பு. சிவப்பில் திரும்பலாம் என்ற விதி இருந்தால், நடப்பவருக்குத் தந்த அந்த நொடிகளிலேயே கார் திரும்பி அவர் மேல் வந்துவிடும். இந்த முன்தொடக்கம் பயன் தர வேண்டுமானால் சிவப்பில் திரும்புவதை நிறுத்தியாக வேண்டும்.

இதனால்தான் நகரங்கள் ஒவ்வொன்றாகப் பழைய முறைக்குத் திரும்பப் பார்க்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் முதியவர்களும் வீடற்றவர்களும் நிறைந்த டெண்டர்லாயின் பகுதியில் 2021-இல் ஏறக்குறைய 50 சந்திப்புகளில் தடைப் பலகை வைத்தார்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் பலகையை மதித்தார்கள் என்றும், கோடுகள் மேல் ஏறி நிற்கும் வண்டிகள் வெகுவாகக் குறைந்தன என்றும் நகரத்தின் ஆய்வு சொன்னது. தலைநகர் வாஷிங்டனின் மன்றம் 2022-இல் நகரம் முழுவதற்குமான தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரம் 2023-இல் மையப் பகுதியில் தடுத்தது.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. கனடாவில் மொன்றியல் தீவில் கூடாது, கியூபெக் மாகாணத்தின் மற்ற பகுதிகளில் 2003-இலிருந்து அனுமதி. சிங்கப்பூரில் பலகை இருந்தால் மட்டும் சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம். பிரிட்டனில் பேச்சே இல்லை. ஜெர்மனியின் கதை சுவையானது: கிழக்கு ஜெர்மனி 1978-இல் சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அம்புப் பலகை வைத்து, நின்று திரும்ப அனுமதித்தது. நாடு ஒன்றுசேர்ந்தபோது கிழக்கின் பல பழக்கங்கள் போயின. இந்தப் பச்சை அம்பு மட்டும் தப்பி, 1994-இல் முழு ஜெர்மனிக்கும் நிரந்தர விதியானது. ஆனால் அங்கேயும் பலகை இருந்தால்தான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "நம்ம ஊர்ல ஃப்ரீ லெஃப்ட்டுன்னு போட்டிருப்பானே, அதுவா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. அமெரிக்க விதி எவ்வளவு தளர்வானதாக இருந்தாலும், அதன் முதல் சொல் 'நின்றபின்'. நம் ஊர் 'ஃப்ரீ லெஃப்ட்' என்ற சொல்லில் நிற்பது என்ற எண்ணமே இல்லை. ஃப்ரீ என்று எழுதினால் தடையில்லை என்றுதான் ஓட்டுபவர் படிப்பார். இடப்பக்க வரிசை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓரத்தில் கடக்க நிற்பவருக்கு எந்த நிறம் எரிந்தாலும் அவருடைய முறை வருவதே இல்லை. இடப்பக்கம் திரும்பும் நம் ஓட்டுநர் வலப்பக்கம் பார்த்தபடி வருவார், நடப்பவர் இடப்பக்கத்திலிருந்து இறங்குவார். கண்ணாடியில் பார்த்தது போல அதே காட்சி. பலகை இல்லாத இடத்திலும் இடப்பக்கம் என்றால் போகலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படிப் பொது அனுமதி கிடையாது, சிவப்பு எல்லாத் திசைக்கும் சிவப்புதான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, சிவப்பு விளக்கை மீறுவதை 184-ஆம் பிரிவின் ஆபத்தான ஓட்டுதலில் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை சிறை, அல்லது இரண்டும்.

எதற்காக இந்த விலக்கு வந்ததோ அந்தக் காரணமும் கரைந்துகொண்டிருக்கிறது. சிக்னலில் நின்றதும் இன்ஜினைத் தானாக அணைக்கும் கார்கள் வந்துவிட்டன, மின்சாரக் காருக்கு நிற்கும்போது எரிக்க எதுவும் இல்லை. 1975-இல் மிச்சம் பிடிக்க நினைத்த பெட்ரோல் இன்று அந்தச் சந்திப்பில் முன்பு போலச் செலவாவதில்லை. வண்டிகளோ உயர்ந்துவிட்டன. பெரிய எஸ்யூவியின் முன்னால் நின்றால் அதன் முன்பக்கம் என் அம்மாவின் தோள்வரை வரும்.

ஒரு சந்திப்பில் தடைப் பலகை வைக்கலாமா என்று பொறியாளர்கள் முடிவு செய்வதற்கு, அமெரிக்க மத்திய அரசின் போக்குவரத்துக் கருவிக் கையேட்டில் சில நிபந்தனைகள் இருக்கின்றன. இடப்பக்கமிருந்து வரும் வண்டி சரியாகத் தெரியாமை ஒன்று. 12 மாதங்களில் சிவப்புத் திருப்பத்தால் மூன்றுக்கு மேல் விபத்துகள் பதிவாகியிருப்பது இன்னொன்று. அதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது, நான்கு பேர் அடிபட வேண்டுமா என்று. ஆனால் அந்தப் பட்டியலில் வேறொரு நிபந்தனையும் இருக்கிறது: திரும்பும் வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் இடையே அளவுக்கு மீறிய உரசல், அதிலும் குழந்தைகள், முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் நடக்கும் இடமாக இருந்தால். எங்கள் சந்திப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. கோடைக்காலத்தில், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அம்மாக்களும் அப்பாக்களும் மாலையில் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். இந்த நிபந்தனையைக் குறிப்பிட்டு நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்த நேரத்தில் ஆட்கள் அதிகம் கடக்கிறார்கள், எந்தத் திசையில் திரும்பும் வண்டிகள் கோட்டைத் தாண்டி வந்து நிற்கின்றன என்ற பகுதியை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். என்னைவிட அவர்தான் அங்கே அதிகம் நின்றிருக்கிறார்.